வெள்ளவத்தையில் ஒருவரும் எங்கும் போவதில்லை

வெள்ளவத்தை
12.02.1997

அன்பு மகள் ஜெகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் பாலனும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முந்தியே அறிவித்துக்கொண்டிருக்கிறது. உன் சுகம் எப்படி? குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

ஹொலண்டில் படித்தவர்களும் சைக்கிளில்தான் போகிறார்கள் என்று நீ எழுதியதை மேல்மாடி இராஜநாயகம் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் போய்ப் படிச்சவள்? சைக்கிள் இஞ்சையும் இருந்ததுதானே" என்றார். எஸ்.எஸ்.சி.யை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவன் நான். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கப் புடவைக் கடையில் துணி அளந்தவன். நகரப் போக்குவரத்துத் திட்டமிடலை ஆருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "பஸ்சுக்குப் பாதை காட்டுகிற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மந்திரிமார் உன்னைக் கேட்டுத்தான் ரோட்டுப் போடுவார்கள் என்றும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். அப்பாவின் புளுகு உனக்குப் புதிதல்ல.

போன சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளை மட்டையும் பேனையுமாக வந்தது. இந்த வீட்டில் எத்தனை பேர், ஆர் எந்த நேரம் எங்கே போகிறார்கள், எதில் போய் எதில் வருகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டது. இப்படிக் கேட்கிற ஆமிக்காரர் வழக்கமாகச் சப்பாத்துக் காலோடு உள்ளே வருவார்கள். இது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டபடியால் நான் இன்னும் பயந்துபோனேன். "நாங்கள் இரண்டு பேர். எங்கும் போவதில்லை" என்றேன். பாலன் உள்ளே சேட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றவன். மூச்சும் விடாமல் அப்படியே நின்றதில் கொலர் கருகிவிட்டது.

அவன் பெயரைப் பொலிசில் முறைப்படி பதிந்துதான் இருக்கிறோம். ஆனால் பதிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சட்டம். அதோடு பருத்தித்துறையிலிருந்து உன் பெரியம்மா அம்மாவுக்கு எழுதும்போதெல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: "நேசம், எனக்கு உள்ளது ஒரு பிள்ளை, அவனை உன்ரை கையிலை தந்திருக்கிறன்." அம்மா அதை வாசித்துவிட்டு அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போடுவா.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அப்பா,
தில்லைநாதன்


டெல்ஃப்ட்
28.02.1997

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். காதை மூடித்தான் போகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்புகிறேன், அளவோடு பூசச் சொல்லுங்கள்.

அப்பா, அந்தப் பிள்ளை கொண்டுவந்தது எங்கள் கேள்விகள்! கொழும்புக்கான திட்டத்தை இங்கே நாலு பேர் செய்கிறோம், அதில் நானும் ஒருத்தி. காலி வீதியில் பஸ்சுக்கென்று தனிப் பாதை, கரையோர ரெயினுக்குக் கூடுதல் பெட்டி, நடக்கிறவருக்கு ஒழுங்கான நடைபாதை. கார் இல்லாதவர்கள் கார்க்காரருக்கு முந்தி வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஊரும் புகை குடிக்காமல் இன்னும் ஐம்பது வருடம் இருக்க வேண்டும். இதைத்தான் நான் படித்தது.

முதற் சுற்று விபரம் போன கிழமை வந்தது. கல்கிசை ஆட்கள் போகிறார்கள், பாமன்கடை ஆட்கள் போகிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் மட்டும் ஒருவரும் எங்கும் போவதில்லை. எங்கள் தலைவர் உலகம் முழுக்கப் பேர் எடுத்த நிபுணர். "இந்த இடத்தில் எல்லோரும் ஓய்வு பெற்றவர்களா?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சொல்லாத பயணத்துக்குத் திட்டத்தில் இடமில்லை அப்பா. அங்கே பஸ் நிற்கத் தேவையில்லை என்றுதான் கணக்கு வரும். இரண்டாம் சுற்றில் அந்தப் பிள்ளையோடு நீங்களும் வீடு வீடாகப் போவீர்களா? உங்களைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை. பேர் ஒன்றும் எழுத மாட்டார்கள். எனக்காக.

எல்லோரையும் அன்போடு கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெகா


வெள்ளவத்தை
20.03.1997

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மருந்து வந்தது. அம்மா அதைப் பூசாமல் சாமித் தட்டில் வைத்திருக்கிறா.

இன்றிலிருந்து இந்தக் கடிதத்தை ஒரு நிபுணர் எழுதுகிறார் என்று மரியாதையோடு வாசிக்கவும். அந்தப் பிள்ளைக்குப் பெயர் டோரின். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கொஞ்சம் தமிழும் தெரியும். இஸ்திரி போட்ட சேட்டோடு நான் முன்னே, மட்டையோடு அது பின்னே. முதல் நாள் மேல்மாடிக்குப் போனோம். இராஜநாயகம் அண்ணை கதவைச் சங்கிலியோடு திறந்தார்.

"தில்லை, நீர் எண்டபடியால் திறந்தனான். எங்கடை பெடியன் எங்கை போறான் எண்டதை நான் உமக்கே சொன்னதில்லை. முதல்லை உம்மடை வீட்டைச் சொல்லும் பாப்பம், என்ரை காதுக்கு முன்னாலை."

நியாயந்தானே. எல்லோருமாக இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூண்டு பேர். பெடியன் கொள்ளுப்பிட்டியிலை புத்தகம் கட்டுற கடையிலை வேலை. காலமை நூறாம் நம்பர் பஸ். பின்னேரமும் அதே பஸ்" என்றேன். முழுப் பொய் சொல்ல உன் முகம் விடவில்லை, முழு உண்மை சொல்ல நாக்கு விடவில்லை.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை வேலைக்குப் பிழையாய்ச் சொல்லிக் குடுக்காதேங்கோ! அவன் வரேக்கை ரெயின்தானே. ஆறு மணி ரெயினிலை இறங்கித் தண்டவாளக் கரையாலை நடந்து வாறவன்."

டோரின் சிரித்துச் சிரித்து எழுதியது. "ஆன்ட்டிதான் எக்ஸ்பேர்ட், அங்கிள் சும்மா."

இராஜநாயகம் அண்ணை டோரின் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப எழுதும் பிள்ளை. எங்கடை வீட்டிலை அஞ்சு பேர்" என்றார். அதோடு ஒழுங்கை முழுக்கக் கதவு திறந்தது. இவ்வளவு சனம் இவ்வளவு இடத்துக்குப் போகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே தெரியாது ஜெகா.

பின்னேரம் பாலன் வந்ததும் சொன்னேன். "அப்ப சித்தப்பா, ஜன்னல் ஓரமாய் எனக்கெண்டு ஒரு சீற் அக்கா போட்டுத் தருவாவோ?" என்கிறான். போன வருடம் தெகிவளையில் ரெயினில் குண்டு வெடித்த பிறகும் அவனுக்கு ரெயின்தான். கடற்காற்றில் பசை மணம் போய்விடுமாம்.

உடம்பைக் கவனி.

அன்பு அப்பா


வெள்ளவத்தை
06.04.1997

அன்பு ஜெகாவுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன். வருடப் பிறப்புக்கு அம்மா பயற்றம் பணியாரம் சுடத் தொடங்கிவிட்டா. பாதியைப் பாலன் சுடச்சுட முடித்துவிடுவான்.

ஒரு சின்ன விசயம். டோரின் நேற்று வந்தது. விபரத் தாள்களோடு போகையில் ஒரு செக்பொயின்ற்றில் மறித்து, "தமிழ் வீடுகளின் கதை உனக்கு எதற்கு?" என்று கேட்டுப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அடுத்த நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தாளும் குறையவில்லை. டோரின் றப்பர் வளையம் போட்டிருந்த இடத்தில் நல்ல நூல் கயிறு கட்டிக் கொடுத்திருந்தார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னது. நானும் சிரித்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை, அவவுக்கு முழங்காலே போதும்.

தாள்கள் உனக்கு வந்து சேர்ந்ததும் எழுது.

அப்பா


டெல்ஃப்ட்
22.04.1997

அன்புள்ள அப்பா, அம்மா,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு இன்று சுகத்துக்கு மேலே! இங்கே மரமெல்லாம் பூத்துவிட்டது. வெள்ளவத்தையும் வந்து சேர்ந்தது.

பயணம் ஒவ்வொன்றும் எங்கள் கணினிப் படத்தில் ஒரு கோடு. போன முறை வெறும் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் இப்போது கோட்டுக்கு மேல் கோடு. தலைவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யார் இதைச் செய்தது?" என்றார். "அங்கே எங்களிடம் ஒரு நிபுணர் இருக்கிறார்" என்றேன்.

அப்பா, பேர் இல்லாமலே ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று பேர். இரண்டு பேர் சந்தைக்கும் கோயிலுக்கும். ஓர் இளைஞர் காலையில் பஸ்சில் கொள்ளுப்பிட்டி, மாலை ரெயினில் இறங்கித் தண்டவாளக் கரையால் நடை. அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தேன். பாலனுக்குச் சொல்லுங்கள், ஜன்னலோர சீற் அக்காவின் பொறுப்பு.

பணியாரம் எனக்கு மிச்சம் இருக்கிறதா?

முத்தங்களோடு
ஜெகா


வெள்ளவத்தை
24.04.1997

மகளுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம்.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன பாலன் வீட்டுக்கு வரவில்லை. கடையால் வழக்கமான நேரத்துக்கு வெளிக்கிட்டிருக்கிறான். ரெயினாலும் இறங்கியிருக்கிறான். ஸ்ரேசன் அருகில் தம்பிலி இளநீர் விற்பவர் கண்டிருக்கிறார். தண்டவாளக் கரையால் திரும்பும் இடத்தில் நம்பர்த் தகடு இல்லாத வான் ஒன்று முன்னமே வந்து நின்றதாம். பெயரைக் கேட்டார்களாம். அவன் சொன்னானாம். "மல்லிவ எக்கங் கியா, மாத்தயா" என்றார், தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். தாங்கள் எடுக்கவில்லை என்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கத்திலும் பதிந்தோம்.

உனக்குப் போன் எடுக்கத்தான் கீழே ஸவாஹிரின் கடைக்குப் போனேன். "லைன் ஈக்கிது ஐயா, பேசுங்க" என்றார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஹொலண்டில் அப்போது என்ன நேரம் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ பயப்படாதே. விசாரித்துவிட்டு விடுவார்கள். பலரை விட்டிருக்கிறார்கள்.

அப்பா


வெள்ளவத்தை
07.05.1997

அன்பு மகளுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். நீ ஸவாஹிரின் கடைக்குப் போன் எடுத்தபோது நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னதற்குக் குறை நினையாதே. கடை நிறையச் சனம்.

உன் சந்தோசக் கடிதம் போன வாரம் வந்தது. அது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ கண்டது எங்கள் வீடு இல்லை. எங்கள் வீட்டை நாங்கள் கொடுக்கவேயில்லை. இராஜநாயகம் அண்ணைக்கு முன்னால் நான் சொன்னேன், அம்மா குசினியிலிருந்து சொன்னா என்று எழுதினதெல்லாம் என் புளுகு. மகளிடம் பேர் வாங்க வேண்டுமென்ற ஆசை. உண்மையில் அண்ணை கேட்டதும் நான் "எங்கடை வீட்டை விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். டோரின் பேனையைத் திறக்கவும் இல்லை. இந்த ஒழுங்கையில் மூன்று பேர் உள்ள வீடு எத்தனையோ. கொள்ளுப்பிட்டிக்கு எத்தனை பெடியள் போகிறார்கள்.

செக்பொயின்ற் கயிறு கதையும் அப்படித்தான். அதையும் மனதில் வைத்திருக்காதே.

உன் அப்பா எப்படிப்பட்ட மனிதன் என்று உனக்குத் தெரியுந்தானே. இதை நம்பு.

நித்திரை கொள்கிறாயா?

அப்பா


டெல்ஃப்ட்
21.05.1997

அன்புள்ள அப்பா,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம்புகிறேன் அப்பா. நான் திரும்பவும் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அது எங்கள் வீடு இல்லை, இரண்டு வீடு தள்ளி உள்ளது. நான்தான் ஆசையில் பிழையாகப் பார்த்துவிட்டேன்.

தலைவரிடம் பாலனைப் பற்றிச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மிகவும் வருந்தினார். "விபரங்களில் பேர் இல்லைத்தானே" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று இரண்டு முறையும் சொன்னேன்.

வெள்ளவத்தைக் கோடுகளைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டு, எடுத்தாயிற்று. தாள்களையும் இங்கே நானே நின்று அழித்தேன். இனி அந்த ஒழுங்கைகள் பழையபடி வெறுமையாகத்தான் இருக்கும். பஸ் எங்கே நிற்பதென்று மற்ற மூவரும் முடிவு செய்வார்கள். நான் வேறு பகுதிக்கு மாறிவிட்டேன்.

நான் வரட்டுமா?

ஜெகா


வெள்ளவத்தை
12.06.1997

அன்பு மகளுக்கு,

நாங்கள் நடமாடுகிறோம். நீ வராதே. பாலனைப் போல உன்னையும் ஸ்ரேசனடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கண் காணாது.

விடியற்காலையில் வெளிக்கிட்டு ஒவ்வொரு முகாம் வாசலாகப் போகிறோம். போன கிழமை ஓர் இடத்தில் பாலனின் படத்தைப் பார்த்த அதிகாரி, "இங்கே இல்லை, வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்" என்றார். ஒரு பிள்ளை இல்லை என்பதற்கு ஒப்பமிட்ட கடிதம் வாங்குகிற காலம். நான் நன்றி சொல்லிவிட்டு வாங்காமல் வந்தேன்.

ஒழுங்கையில் நான் கேட்டுப் போன வீடெல்லாம் வழி மாற்றிக்கொண்டுவிட்டது. பஸ்சில் போனவர்கள் ஒரு ஹோல்ற் தள்ளிப் போய் ஏறுகிறார்கள். ரெயினில் வந்தவர்கள் பம்பலப்பிட்டியில் இறங்கி நடக்கிறார்கள். இராஜநாயகம் அண்ணை மகனைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட்டார். மாடிப்படியில் என்னைக் கண்டால், "எப்பிடித் தில்லை, சுகமோ" என்பார். கோபித்தாலாவது பரவாயில்லை.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. அம்மா சாப்பிடுவதில்லை. நேற்றுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ரெயின் எண்டு நான்தானே சொன்னனான்" என்றா. அவ்வளவுதான்.

அது என் புளுகு என்று நான் உனக்கு எழுதியது எழுதியதுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் அம்மா அது நடந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறா. ஆகவே நீ நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கு மட்டும் நடக்கவில்லை என்று அவவுக்குத் தனியாக எழுத வேண்டும். டோரினுக்குக் குசினித் தமிழ் விளங்கவில்லை, போகவும் பஸ் வரவும் பஸ் என்றுதான் எழுதியிருந்தது என்று எழுது. படித்தவள், உன்னால் முடியும்.

பெரியம்மாவுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பாலன் ஏன் கடிதம் போடுகிறானில்லை என்று கேட்டு அவ எழுதியிருக்கிறா. யாழ்ப்பாணத் தபால் கப்பல் ஒழுங்கில்லாமல் போவது இப்போது எங்களுக்கு உதவி.

அப்பா


டெல்ஃப்ட்
25.06.1997

என் அன்பு அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? அப்பா உங்களுக்கு ஒழுங்காகத் தேத்தண்ணி போட்டுத் தருகிறாரா?

அம்மா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தாளை என் கண்ணால் பார்த்தேன். அதில் பாலன் போகும்போது பஸ், வரும்போதும் பஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. நீங்கள் குசினிக்குள்ளிருந்து சொன்னது டோரினுக்கு விளங்கவில்லைப் போலிருக்கிறது. பாவம், கொட்டாஞ்சேனைத் தமிழ்தானே தெரியும். ரெயின் என்ற சொல்லே அதில் இல்லை. ஆர் பார்த்திருந்தாலும் ரெயினைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

நான் உங்களுக்குப் பொய் சொல்வேனா? சாப்பிடுங்கள் அம்மா.

உங்கள் பிள்ளை
ஜெகா


வெள்ளவத்தை
14.07.1997

ஜெகாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தா. பிறகு என்னிடம் தந்து, உரக்க வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாய். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அம்மா கேட்டா: "டோரினுக்குத் தமிழ் விளங்காதெண்டு அவளுக்கு ஆர் சொன்னது?"

"அவளே கண்டுபிடிச்சிருப்பாள், நேசம். படிச்சவள்."

"அந்தப் பிள்ளை நான் சொன்னதுக்குச் சிரிச்சது. எனக்கு எக்ஸ்பேர்ட் எண்டு பேரும் வைச்சது. விளங்காமலோ சிரிச்சது?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயாலே பிழைத்தவன் நான், ஒரு முழச் சீத்தைத் துணிக்கு ஒன்பது கதை சொல்லி விற்றவன். கடிதத்தை அவவிடமே நீட்டினேன்.

"உங்கடை மகள்தான்" என்றா. கோபமாக இல்லை. கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தா. "அப்பனும் மகளுமாய் என்னைக் காப்பாத்துறியள். அவனைக் காப்பாத்த ஒருத்தரும் இல்லாமல் போச்சு."

பிறகு எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்து, பேனை கேட்டா. "அக்காவுக்கு நானே எழுதுறன். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லித் தர வேண்டாம்."

இப்போது மேசையின் அந்தப் பக்கம் இருந்து எழுதுகிறா. நான் இந்தப் பக்கம். மெதுவாக எழுதுகிறா, வெட்டுவதில்லை. பருத்தித்துறைக்கு எப்போது போய்ச் சேருமோ தெரியாது. வழமையாக உன் பெரியம்மாவுக்கு எழுதும்போது அரைப் பக்கம் சுகம் விசாரித்து முடிய மற்றக் கதை தொடங்குவா. இன்றைக்கு எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, இதைக் கதிரையிலை இருந்துகொண்டு வாசி" என்று தொடங்கியிருக்கிறா.

அப்பா